கட்குழியின் வாசல்களும் மலையகத்தின் கண் காயங்களும்

கண்ணில் அடிபட்ட ஒருவரிடம் "பார்வை தெரிகிறதா?" என்று கேட்க எல்லோருக்கும் தெரியும். "கன்னம் மரத்துப் போயிருக்கிறதா?" என்று கேட்போர் மிகச் சிலரே. மழைக்காலத்தில் தேயிலை மலையின் வழுக்குப் பாறையில் சறுக்கி விழுந்து கன்னத்தில் அடிபட்டவருக்கு இந்த இரண்டாவது கேள்வி முதலாவதைப் போலவே முக்கியமானதாகும். கண் சிவந்திருக்கும், இமை வீங்கியிருக்கும், பார்வையோ தெளிவாக இருக்கும். "கண்ணுக்கு ஒன்றும் இல்லை" என்று மாத்திரை கொடுத்து லயத்துக்குத் திருப்பி அனுப்பப்படுவார். மேலுதட்டிலும் மூக்கின் ஓரத்திலும் உணர்ச்சி இல்லை என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார். ஏனெனில், கண்ணில் பட்ட அடிக்கும் உதட்டின் மரமரப்புக்கும் தொடர்பு இருக்கும் என அவருக்குத் தோன்றியிருக்காது.

அத்தொடர்பு ஓர் எலும்புத் துவாரத்தில் இருக்கிறது. கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் அத்தகைய துவாரங்கள் பல உள்ளன. எந்தத் துவாரத்தின் வழியே எந்த நரம்பு செல்கின்றது என்பதை அறிந்தவருக்கு, முகத்தின் வெளித்தோற்றமே உள்ளே நேர்ந்ததைச் சொல்லிவிடும். ஸ்கேன் இயந்திரம் இல்லாத தோட்ட மருந்தகங்களைப் பொறுத்தவரை இது ஏட்டறிவு மாத்திரமல்ல.

கண் அமர்ந்திருக்கும் எலும்புக் கிண்ணத்தைக் கட்குழி என்கிறோம். கிண்ணம் என்பதைவிட, முனை பின்னோக்கிச் சாய்ந்த கூம்பு என்பதே பொருந்தும். நெற்றி எலும்பு, கன்ன எலும்பு, மேல்தாடை எலும்பு, கண்ணீர் எலும்பு, சல்லடை எலும்பு, ஆப்பு வடிவ எலும்பு, அண்ண எலும்பு என ஏழு எலும்புகள் கூடி அதனை அமைக்கின்றன. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். கண்விழியோ அதில் ஏழு மில்லிலீற்றர் அளவையே பிடித்துக்கொள்கிறது. மிகுதி இடத்தைத் தசைகளும் கொழுப்பும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நிரப்புகின்றன. இவையெல்லாம் மூளையிலிருந்தும் முகத்திலிருந்தும் வந்துபோக வழி வேண்டுமல்லவா? அவ்வழிகளே இத்துவாரங்கள்.

முதலாவதை வாசகர்கள் தாங்களே தொட்டுப் பார்க்கலாம். புருவத்தின் கீழே, கட்குழியின் மேல் விளிம்பில், மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக விரலை மெல்ல நகர்த்திச் செல்லுங்கள். விளிம்பின் உட்புற மூன்றிலொரு பங்கு முடியுமிடத்தில் சிறு பள்ளம் ஒன்று தட்டுப்படும். சிலருக்கு அது திறந்த பள்ளமாகவும், சிலருக்கு எலும்பு மூடிய முழுத் துவாரமாகவும் இருக்கும். ஒரே மனிதரின் இரு புறங்களிலும்கூட வெவ்வேறாக இருப்பதுண்டு. அவ்விடத்தைச் சற்று அழுத்தினால் நெற்றியில் மந்தமான வலி பரவும். அங்கிருந்து வெளிவரும் நரம்பு நெற்றியில் ஏறி, உச்சந்தலை வரை உணர்ச்சியைக் கொடுப்பதே அதற்குக் காரணமாகும்.

உச்சந்தலை வரை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கொழுந்துக் கூடையின் கயிறு தங்குவது இந்த நரம்பின் எல்லைக்குள்தான். தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டாலும், நாளொன்றுக்கு 18 முதல் 20 கிலோ வரையான கொழுந்து ஒரு பெண்ணின் அன்றாட இலக்காக இருந்து வருகின்றது. அது பகுதி பகுதியாகவே நிறுக்கப்படுகிறது என்றாலும், நிறுவைக்குச் செல்லும்வரை அந்தப் பாரத்தைத் தாங்குவது தலையும் முதுகுமே. மழையில் நனைந்த கொழுந்து மேலும் கனக்கும். நீச்சல் வீரர்கள் அணியும் இறுக்கமான கண்ணாடி இந்த நரம்பை அழுத்தித் தலைவலியை உண்டாக்குவதை மருத்துவ நூல்கள் தனியாகப் பதிவு செய்துள்ளன. ஆண்டுக்கணக்கில் தலையில் கயிறு தாங்கும் பெண்களின் நெற்றி வலி அவ்வாறு கவனிக்கப்பட்டிருக்க வேண்டும். "தலையிடி" என்ற ஒரே சொல்லில் அது அடக்கப்பட்டு, பரசிட்டமோல் வில்லையுடன் முடிந்துவிடுகிறது. வலி ஒரு பக்கத்தில் நிலைத்து, புருவப் பள்ளத்தை அழுத்தும்போது கூடுமாயின், அது அந்த நரம்பின் வலியாக இருக்கலாம். கயிறு படும் இடத்தை மாற்றுவதும், தடித்த துணியை மடித்து வைப்பதும், தேவைப்படின் அவ்விடத்தில் மரமரப்பு ஊசி ஏற்றுவதும் அதற்கான எளிய வழிகளாகும்.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட கன்னத்துக்கு வருவோம். கட்குழியின் கீழ் விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் கீழே இன்னொரு துவாரம் உண்டு. அதன் வழியாக வெளிவரும் நரம்பு கீழ் இமைக்கும் கன்னத்துக்கும் மூக்கின் பக்கத்துக்கும் மேலுதட்டுக்கும் உணர்ச்சியைக் கொடுக்கிறது. மேற்புற முன்பற்களுக்கான கிளைகளும் அதிலிருந்தே பிரிகின்றன. வெளிவருவதற்கு முன்னர் இந்த நரம்பு கட்குழியின் தரையில் ஒரு வாய்க்காலில் கிடந்து வருகிறது. அத்தரை மிக மெல்லியது. அதன் அடியில் இருப்பதோ காற்று நிரம்பிய வெற்றறை. பந்து, முழங்கை, மரக்கட்டை போன்ற ஏதேனும் கண்ணின் மீது மோதும்போது உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான தரை கீழ்நோக்கி உடைகிறது. ஒரு வகையில் இது கண்விழிக்குக் கிடைத்த பாதுகாப்பு என்றும் சொல்லலாம். விழி வெடிப்பதற்குப் பதிலாகத் தரை உடைகிறது. ஆனால், உடைந்த இடத்தில் தசை சிக்கிக்கொண்டால் விழி மேலே திரும்ப மறுக்கும். மேலே பார்க்கும்போது பொருட்கள் இரண்டிரண்டாகத் தெரியும். வாய்க்காலில் கிடக்கும் நரம்பு நசுங்கினால் கன்னமும் உதடும் மரத்துப் போகும். ஆகவே, அடிபட்டவரின் இரு கன்னங்களிலும் பஞ்சுத் திரியால் மாறி மாறித் தொட்டு, "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா?" என்று கேட்பது ஒரு சிறிய ஸ்கேன் பரிசோதனைக்கு ஒப்பானதாகும்.

இவ்வாறு தரை உடைந்திருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படும் ஒருவர் மூக்கைச் சிந்தக்கூடாது. சிந்தினால் கீழ் அறையின் காற்று கட்குழிக்குள் புகுந்துவிடும். மலைக்குளிரில் சளியுடன் இருப்பவருக்கு இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கும்.

பிள்ளைகளின் விடயம் வேறு. அவர்களது எலும்பு வளையக்கூடியது. ஆதலால் தரை உடைந்து, பொறிக்கதவு போல மீண்டும் மூடிக்கொண்டு தசையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். வெளியே வீக்கமோ சிவப்போ பெரிதாகத் தெரியாது. ஆனால், பிள்ளை மேலே பார்க்க முயலும்போது குமட்டும், வாந்தி எடுக்கும், சில வேளைகளில் நாடித்துடிப்பும் குறையும். தசை இழுபடும்போது கண்ணிலிருந்து இதயத்துக்குச் செல்லும் ஓர் அனிச்சைச் செயலே அதற்குக் காரணமாகும். வாந்தியைக் கண்டு தலையில் அடிபட்டிருக்கிறது என்று எண்ணி, படுக்கையில் வைத்துப் பார்த்திருப்பது இங்கே நேரும் தவறு. கவ்வப்பட்ட தசை இரத்த ஓட்டமின்றி அழிந்துபோகுமுன், ஓரிரு நாட்களுக்குள் சத்திரசிகிச்சை செய்யப்பட வேண்டும். கிரிக்கெட் பந்து கண்ணில் பட்ட பிள்ளை கண் வெள்ளையாகவே இருந்தும் வாந்தி எடுத்தால், அப்பிள்ளையை உடனே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கூம்பின் பின்முனையில் இருப்பது பார்வை நரம்பின் கால்வாய். ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமான இந்தக் குறுகிய எலும்புக் குழாயினூடாகவே ஒரு கண் பார்ப்பது முழுவதும் மூளைக்குச் செல்கிறது. கண்ணுக்கு இரத்தம் தரும் நாடியும் அதே வழியிலேயே வருகிறது. கண்ணிலிருந்து வரும் நரம்பு எலும்பிலுள்ள ஒரு துவாரத்தினூடாகச் செல்வதையும், இரு கண்களின் நரம்புகளும் உள்ளே ஒன்றுகூடுவதையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமது ஒளியியல் நூலில் விபரித்தவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். அதற்கும் முன்னர், ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றிப் பத்து அத்தியாயங்கள் எழுதினார். பார்வை நரம்பு உள்ளே குழாய்போல் வெறுமையானது என்ற கிரேக்க மருத்துவர் கலனின் கருத்தையே அக்காலத்தவர் ஏற்றிருந்தனர். அது பிழையெனப் பின்னர் தெரிந்தது. துவாரத்தைச் சரியாகக் கண்டவர்கள், அதன் வழியே சென்றதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் எனலாம்.

புருவத்தின் வெளிப்புறத்தில் விழும் பலத்த அடியின் அதிர்ச்சி எலும்பு வழியே பயணித்து இந்தக் கால்வாயைச் சென்றடையும். அங்கே நரம்பு நசுங்கினால், வெளியே கண் எவ்விதக் குறையுமின்றி இருக்க, பார்வை போய்விடும். இதனைக் கண்டுகொள்ள ஒரு கைவிளக்கு போதுமானது. வெளிச்சத்தை ஒரு கண்ணில் காட்டி, உடனே மறு கண்ணுக்கு மாற்ற வேண்டும். நல்ல கண்ணின் கருமணி சுருங்கியே இருக்கும். பாதிக்கப்பட்ட கண்ணுக்கு வெளிச்சம் வந்ததும் அதன் கருமணி சுருங்குவதற்குப் பதிலாக விரியும். இத்தகைய காயத்துக்கு எந்தச் சிகிச்சை பயன்தரும் என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. தலைக்காயமும் சேர்ந்திருப்பவருக்கு அதிக அளவு ஸ்டீரொயிட் கொடுப்பது தீங்கானது என்பது மட்டும் 2000களில் நடந்த பெரிய ஆய்வொன்றில் தெளிவாயிற்று.

கால்வாய்க்கு அருகிலேயே ஒரு நீண்ட பிளவு உண்டு. விழியைத் திருப்பும் மூன்று நரம்புகளும், நெற்றிக்கும் மூக்குக்கும் உணர்ச்சி தரும் நரம்பின் கிளைகளும், மூளையை நோக்கிச் செல்லும் நாளமும் அதன் வழியே நெருக்கியடித்துச் செல்கின்றன. ஒரே சமயத்தில் இமை தொங்கி, விழி அசையாது, நெற்றியும் மரத்திருந்தால் கோளாறு அந்தப் பிளவிலோ அதற்குப் பின்னாலோதான்.

உட்பக்கச் சுவரின் கதை இதைவிடச் சுவையானது. காகிதத் தகடு என்று மருத்துவர்களே பெயரிட்ட அளவுக்கு அது மெல்லியது. அதற்கு அப்பால் மூக்கைச் சேர்ந்த காற்றறைகள். பிள்ளைகளின் சளி முற்றிக் கிருமி அச்சுவரைத் தாண்டினால் கட்குழிக்குள் சீழ் கட்டும். காய்ச்சலுடன் இமை வீங்கி, கண் முன்தள்ளி, விழியை அசைக்கும்போது வலித்தால் காலதாமதம் செய்யலாகாது. கட்குழியின் நாளங்களில் இரத்தம் திரும்பிப் பாயாமல் தடுக்கும் தடுக்கிதழ்கள் அநேகமாக இல்லை. ஆதலால் கிருமி மூளையின் அடிப்பகுதி வரை செல்ல வழி திறந்தே இருக்கிறது.

அதே சுவரின் மேற்பகுதியில் இரண்டு சிறு துவாரங்கள் உள. முன்துவாரத்தின் வழியே செல்லும் நரம்பின் போக்கு விசித்திரமானது. கட்குழியிலிருந்து புறப்பட்டு, மண்டையோட்டுக்குள் எட்டிப் பார்த்து, மீண்டும் மூக்கினுள் இறங்கி, கடைசியில் மூக்கு நுனித் தோலில் வந்து முடிகிறது. அதே நரம்பின் வேறு கிளைகளே விழிக்கும் உணர்ச்சி தருகின்றன. அக்கி என்று நாம் அழைக்கும் கொப்புள நோய் நெற்றியில் தோன்றும்போது, மூக்கு நுனியிலும் கொப்புளம் உண்டா என்று மருத்துவர் பார்ப்பது இதனாலேயே. அங்கே கொப்புளம் இருந்தால் கண்ணும் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். அக்கிக்குக் காவி மண்ணைக் குழைத்து எழுதும் வழக்கம் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக உண்டு. எழுதுவது அவரவர் நம்பிக்கை. ஆனால், வைரசுக்கு எதிரான மருந்து கொப்புளம் தோன்றிய 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கப்பட்டாலே முழுப்பயன் தரும். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் எழுதி முடித்துக் காத்திருந்தால் அந்த மூன்று நாட்களும் கடந்துவிடும்.

கண்ணீர் வடியும் கால்வாயையும் சொல்ல வேண்டும். கண்ணின் உள்மூலையிலிருந்து அது மூக்கினுள் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணுக்கு இட்ட மருந்து தொண்டையில் கசப்பதும் இதனால்தான். கண் அழுத்த நோய்க்குத் தரப்படும் டிமலோல் துளி இவ்வழியே உடலில் கலந்து ஆஸ்துமா நோயாளிக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். விறகுப் புகை நிறைந்த லயன் அறையில் இழுப்புடன் வாழும் முதியவர்கள், மருந்து எழுதும் வைத்தியரிடம் அந்த இழுப்பைப் பற்றி அவசியம் கூற வேண்டும். துளியை இட்டபின் கண்ணை மூடி, உள்மூலையை விரலால் இரண்டு மூன்று நிமிடங்கள் அழுத்தியிருந்தால் மருந்து கீழே இறங்குவது பெருமளவு குறையும். நோன்பு காலத்தில் கண் துளியை விட்டுவிடும் முஸ்லிம் நோயாளிகளுக்கும் இது பயன்படும் செய்தியே. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, தொண்டையை வந்தடைவதை விழுங்காது தவிர்த்தால் கண் துளி நோன்பை முறிக்காது எனத் தீர்மானித்தது. மாற்றுக் கருத்துடைய அறிஞர்களும் இருப்பதால், சந்தேகமுள்ளோர் தமது உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளலாம். மாதம் முழுவதும் மருந்தை நிறுத்துவதால் இழந்த பார்வை பெருநாளுக்குப் பின் திரும்பி வராது.

இத்தனை வாசல்கள் இருந்தும், கட்குழி ஒரு வகையில் அடைத்த பெட்டியே. துவாரங்கள் யாவும் நரம்பாலும் குழாயாலும் நிரம்பியிருப்பதால், அடிபட்டு உள்ளே இரத்தம் கசிந்தால் வெளியேற இடமில்லை. விழி கல்லைப் போல் இறுகி முன்தள்ளும், பார்வை மங்கும். ஒன்றரை மணித்தியாலம் முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் அழுத்தம் தணிக்கப்படாவிடின் பார்வையை மீட்பது அரிது. ஹட்டனிலிருந்து கண்டிக்கு மலைப்பாதையில் செல்லவே அதைவிட அதிக நேரம் ஆகலாம். எனவே, இமையின் வெளிமூலையை வெட்டி அழுத்தத்தைத் தணிக்கும் சிறு சிகிச்சை அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையிலேயே செய்யப்பட வேண்டும். டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட வைத்தியசாலை போன்றவற்றின் அவசர சிகிச்சைப் பிரிவு இதற்குத் தயாராக இருப்பது, கட்டடத்தின் அளவைவிட முக்கியமானது.

குளவிக் கொட்டுக்கு ஒரு வார்த்தை. தோட்டங்களில் அடிக்கடி நேரும் இந்த ஆபத்தில் முதற்கவனம் மூச்சுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரியது. இமை முழுதாக மூடுமளவு வீங்கினாலும், கட்குழியின் வாயில் திரைபோல் ஒரு சவ்வு இருப்பதால் வீக்கம் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும். எனினும், இமையை மெல்லத் திறந்து, விழியில் கொட்டியிருக்கிறதா, பார்வை இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்புவது தவறு.

1872ஆம் ஆண்டிலேயே கோப்பித் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனத் தனிச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டது. தொழிலாளியின் உடல் நலம் தோட்டத்தின் பொறுப்பு என்ற ஏற்பாடு அங்கிருந்து தொடங்கியது. தோட்ட வைத்தியத் துறையை அரச சுகாதார சேவையுடன் முழுமையாக இணைக்க வேண்டும் என்ற கோரிக்கையும் பல தசாப்தங்களாகக் கேட்கிறது. இன்றும் பல தோட்டங்களில் நோயாளி முதலில் காண்பது வைத்திய உதவியாளரையே. அவரிடம் "மரமரத்துப் போச்சு" என்று சொல்வது, பெரிய வைத்தியசாலையில் தமிழ் அறியாத வைத்தியரின் முன் "வலி" என்று சுருங்கிவிடுவதுண்டு. இரண்டும் ஒன்றல்ல என்பதை மேலே கண்டோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூற்றை அங்காதிபாதம் என்ற பெயரில் தமிழில் அச்சேற்றினார். நரம்புக்கும் துவாரத்துக்கும் தமிழில் பெயர் இல்லாததால் இந்நிலை வந்ததென்று கூற முடியாது.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோயாளியுடன் அனுப்பும் துண்டில், அடிபட்ட நேரம், எந்தப் பக்கம், கன்னத்தில் உணர்ச்சி உண்டா இல்லையா, மேலே பார்க்கையில் இரட்டையாகத் தெரிகிறதா, கைவிளக்குக்குக் கருமணி எப்படி நடந்துகொண்டது, வாந்தி உண்டா என்ற விபரங்களைத் தோட்ட மருந்தகத்திலேயே எழுதிவிடலாம். தோட்டத்து லொறியைத் தேடி அலைய வேண்டியதில்லை. கட்டணமில்லாத 1990 அம்புலன்ஸ் சேவை மத்திய மாகாணத்திலும் இயங்குகிறது. அத்துண்டை அம்புலன்சில் வருபவரின் கையில் கொடுத்தால் போதும்.